பொதுப் பதிவேடு திறக்க மறுத்தால்...

நம் சங்கம் போன்ற அமைப்புகளிலும், நம்மவர் பலர் வேலை பார்க்கும் சிறு அலுவலகங்களிலும், மைக்ரோசாஃப்ட் அக்சஸில் அமைத்த ஒரே பதிவேட்டை நான்கைந்து கம்ப்யூட்டர்களிலிருந்து திறந்து பயன்படுத்துகிறார்கள். உறுப்பினர் முகவரி, சந்தா, ரத்ததானம் செய்வோர் பட்டியல் எல்லாம் அதில்தான் இருக்கும். திடீரென்று ஒரு நாள் ஒருவருக்குத் திறக்கும், மற்றவருக்குத் திறக்காது. அல்லது படிக்க முடியும், திருத்த முடியாது. வீடு மாறிய குடும்பத்தின் புதிய தொலைபேசி எண் பதிவாகாமல் போனால், அவசர நேரத்தில் நாம் அழைப்பது பழைய எண்ணைத்தான்.

இத்தகைய கோளாறுகளைச் சில இடங்களில் சரிசெய்து கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: பல சமயம் குறை பதிவேட்டில் இல்லை, அது இருக்கும் ஃபோல்டரின் அனுமதியில்தான்.

பதிவேட்டை ஒருவர் முதலில் திறக்கும்போது, அதே ஃபோல்டரில் ஒரு சிறிய பூட்டுக் கோப்பு உருவாகிறது. யார் உள்ளே இருக்கிறார்கள், எந்தப் பதிவு யார் கையில் என்ற கணக்கு அதை வைத்துத்தான். கடைசி நபர் மூடும்போது அது அழிந்துவிடும். பழைய எம்.டி.பி. பதிவேட்டுக்கு அதன் பின்னொட்டு எல்.டி.பி.; அக்சஸ் 2007-இல் வந்த ஏ.சி.சி.டி.பி. வகைக்கு எல்.ஏ.சி.சி.டி.பி. ஆகவே ஃபோல்டரில் படிக்கவும் எழுதவும் அனுமதி இருந்தால் மட்டும் போதாது. கோப்பை உருவாக்கவும் அழிக்கவும் அனுமதி வேண்டும். அது இல்லாதவர் முதலில் திறந்தால், அடுத்தவர் வாசலிலேயே நிற்க நேரிடலாம்.

சரிபார்க்கும் முறை இது:

1. எல்லோரையும் பதிவேட்டை மூடச் சொல்லுங்கள். அதன் பிறகும் பூட்டுக் கோப்பு இருந்தால், கடைசியாக மூடியவருக்கு அழிக்கும் அனுமதி இல்லாதிருக்கலாம். அல்லது ஒரு கம்ப்யூட்டர் பாதியில் நின்றுபோயிருக்கலாம்.

2. விண்டோஸில் அனுமதி இரண்டு இடத்தில் உண்டு: ஷேரிங், செக்யூரிட்டி. நெட்வொர்க் வழியே வருபவருக்கு இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். ஷேரிங்கில் 'ரீட்' மட்டும் இருந்தால், செக்யூரிட்டியில் 'ஃபுல் கண்ட்ரோல்' கொடுத்தும் பயனில்லை.

3. ஆள் ஆளாக அனுமதி தராமல், ஒரு குரூப் அமைத்து அதற்கு செக்யூரிட்டியில் 'மாடிஃபை', ஷேரிங்கில் 'சேஞ்ச்' கொடுங்கள். புதிதாகச் சேர்க்கப்பட்டவர் ஒருமுறை லாக்-ஆஃப் செய்துவிட்டு மீண்டும் உள்ளே வர வேண்டும்.

4. பதிவேட்டை இரண்டாகப் பிரியுங்கள். விவரங்கள் உள்ள பகுதி ஷேர் செய்த ஃபோல்டரில் இருக்கட்டும். படிவங்களும் அறிக்கைகளும் அவரவர் கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

அவசரத்துக்கு 'எவ்ரிஒன்' என்று எல்லோருக்கும் ஃபுல் கண்ட்ரோல் கொடுத்துவிடுவோர் உண்டு. கோளாறு மறையும், ஆனால் நெட்வொர்க்கில் நுழையும் எவரும் நம் வீட்டு முகவரிகளைப் பிரதி எடுக்கலாம். ஆளுக்கொரு பெயர், பாஸ்வேர்டு என்று அக்சஸிலேயே முன்பு இருந்த ஏற்பாடு ஏ.சி.சி.டி.பி. வகையில் கிடையாது. எனவே ஃபோல்டர் அனுமதிதான் முக்கிய வேலி. மாடிஃபை பெற்றவர் பதிவேட்டையே அழித்துவிடவும் முடியும் என்பதால், குரூப்பைச் சிறிதாக வையுங்கள். தினமும் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

குரூப்பில் உள்ளவர்களின் பெயர்களை எழுதிச் செயலாளரிடம் கொடுத்து வைப்பது நல்லது. மாற்றலாகி வேறு ஊர் போகிறவர்கள் நம்மில் அதிகம். வழியனுப்பு விழா முடிந்த மறுநாளே அவர் பெயரைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.