குருதிக் குழாய்களும் முதுமையில் ஆண்மைக் குறைவும்

பல் ஆடினால் பல் மருத்துவரிடம் போகிறோம். பார்வை மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். ஆனால் ஐம்பது, அறுபது வயதில் பாலுறவு ஆற்றல் குறையத் தொடங்கினால் மட்டும் ஆடவர் பலர் வாய் திறப்பதில்லை. "வயதாகிவிட்டது, இனி என்ன?" என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோர் ஒரு சாரார். சுவரொட்டியைப் பார்த்து இலேகியம் வாங்கப் போவோர் மற்றொரு சாரார். இரு சாராருமே உடல் தரும் ஒரு முன்னறிவிப்பைத் தவறவிடுகிறார்கள். அது யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இது கூச்சப்பட வேண்டிய பொருளன்று. பாய்மங்களைப் பற்றி நீங்கள் இயற்பியல் வகுப்பில் படித்தவையே இதில் பெரும்பகுதியை விளக்கிவிடும்.

வயது மட்டுமே காரணமா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1987 முதல் 1989 வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. 40 முதல் 70 வயது வரையுள்ள ஏறத்தாழ 1,300 ஆடவர்கள் அளித்த விடைகளை ஆராய்ந்தனர். அவர்களுள் 52 சதவீதத்தினருக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைபாடு இருந்தது. முழுமையாக ஆற்றல் இழந்தவர்கள் 40 வயதில் 5 சதவீதம், 70 வயதில் 15 சதவீதம். அதாவது, வயது ஏற ஏறக் குறைபாடு மிகுகிறது என்பது உண்மை. எனினும் 70 வயதிலும் பெரும்பாலோர் ஆற்றலை முற்றிலும் இழந்துவிடவில்லை. ஆகவே வயதைத் தவிர வேறு காரணங்களும் இருக்க வேண்டுமல்லவா?

விறைப்பு எவ்வாறு உண்டாகிறது?

ஆணுறுப்பினுள் நெடுக்காக இரண்டு உருளைகள் உள்ளன. அவை பஞ்சுபோன்ற திசுவால் ஆனவை. அவற்றைச் சுற்றிலும் தடித்த, எளிதில் நீளாத ஓர் உறை இருக்கிறது. சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ட்யூப் மிருதுவானது. வெளியே இருக்கும் டயர் உறுதியானது. காற்றடித்ததும் ட்யூப் விரிந்து டயரை அழுத்துகிறது, சக்கரம் கெட்டியாகிறது. இங்கே காற்றுக்குப் பதில் குருதி.

பாலுணர்வு தூண்டப்பட்டதும் நரம்பு முனைகளிலிருந்தும் தமனிகளின் உட்படலத்திலிருந்தும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு சிறிதளவு வெளிப்படுகிறது. அது தமனிச் சுவரிலுள்ள தசைகளைத் தளரச் செய்கிறது. தமனிகள் விரிகின்றன, குருதி பாய்ந்து வந்து பஞ்சுத் திசுவை நிரப்புகிறது. நிரம்பிய திசு, உறையின் அடியில் ஓடும் சிரைகளை நசுக்குவதால் குருதி வெளியேறும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. சைக்கிள் வால்வு செய்யும் வேலையை இங்கே அந்த அழுத்தமே செய்துகொள்கிறது. அப்போது உள்ளே அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரச அளவை எட்டும்.

தமனியின் உட்படலம் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து தசையைத் தளர்த்துகிறது என்று 1980இல் கண்டறிந்தவர் இராபர்ட் ஃபர்ச்காட். அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடே என்று பின்னர்த் தெளிவாயிற்று. இத்துறை ஆய்வுக்காக அவரும் லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோரும் 1998ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர்.

குழாயின் ஆரம் சிறிது குறைந்தால்?

பிரெஞ்சு மருத்துவர் பாய்சொய் 19ஆம் நூற்றாண்டில் நுண்குழாய்களில் நீர்மங்கள் ஓடும் விதத்தை ஆராய்ந்து ஒரு விதியைக் கண்டார். ஒரு குழாயில் நொடிக்குப் பாயும் நீர்மத்தின் அளவு, அக்குழாயின் ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது!

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆணுறுப்பின் தமனிகள் 1 முதல் 2 மில்லிமீட்டர் விட்டமுடையவை. இதயத் தசைக்குக் குருதி தரும் தமனிகள் 3 முதல் 4 மில்லிமீட்டர். முதலாவதன் ஆரம் 0.75 மி.மீ. என்றும், இரண்டாவதன் ஆரம் 1.75 மி.மீ. என்றும் கொள்வோம். இரண்டின் உட்சுவரிலும் 0.2 மி.மீ. கனத்திற்குக் கொழுப்பு படிகிறது. பாய்சொய் விதிப்படி இதயத் தமனியில் ஓட்டம் 62 சதவீதமாகக் குறையும். ஆனால் சிறிய தமனியிலோ வெறும் 29 சதவீதமே எஞ்சும்!

உயிருள்ள தமனி கண்ணாடிக் குழாயன்று. அது விரியும், சுருங்கும். குருதியும் துடிப்புத் துடிப்பாகவே பாய்கிறது. எனவே இக்கணக்கு தோராயமானதே. எனினும் அது காட்டும் உண்மை தெளிவானது. தமனி நோய் உடலெங்கும் பரவக்கூடியது. அதன் விளைவு சிறிய குழாய்களில் முதலில் தெரிகிறது. நோயால் உட்படலம் கெட்டு நைட்ரிக் ஆக்சைடு சுரப்பது குறைந்தாலும் முதலில் தெரிவது இங்கேதான். விறைப்புக் குறைபாடு தோன்றி இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் நெஞ்சுவலி தலைகாட்டுவது பலரிடம் காணப்பட்டுள்ளது. நாம் மேலே சொன்ன முன்னறிவிப்பு இதுவே. உரிய காலத்தில் கவனித்தால் மாரடைப்பைத் தடுக்க அந்த இடைவெளி உதவும்.

பிற காரணங்கள்

நீரிழிவு, தமனிகளையும் நரம்புகளையும் ஒருங்கே தாக்குகிறது. மாசசூசெட்ஸ் ஆய்வில் முழுமையான ஆற்றல் இழப்பு நீரிழிவுக்காரர்களிடம் மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், மிகுதியான மது, உடற்பருமன் ஆகியவையும் காரணங்களே. இரத்த அழுத்தத்திற்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மாத்திரைகளும், புராஸ்டேட் சுரப்பி அறுவையில் நரம்புகள் சேதமடைவதும் இக்குறைபாட்டை உண்டாக்கலாம். மாத்திரையின் மீது ஐயம் எழுந்தால் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் அவர் வேறொன்று தருவார்.

டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் நடுவயதிற்குப் பின் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைகிறது. இதனால் நாட்டம் குறையலாம். ஆயினும் பெரும்பாலோரின் விறைப்புக் குறைபாட்டிற்கு ஹார்மோன் முதற்காரணமன்று.

கவலையும் அச்சமும்கூடக் காரணமாகலாம். மனமா, உடலா என்று எப்படி அறிவது? நலமுள்ள ஆடவருக்குக் கனவுறக்கத்தின்போது இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாகவே விறைப்பு ஏற்படும். அது நிகழ்ந்தால் குழாய்களும் நரம்புகளும் ஓரளவு செம்மையாக உள்ளன என்று பொருள். 1980இல் அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். அஞ்சல் தலைகளை வரிசையாகக் கிழிக்காமல் எடுத்து, உறங்குமுன் உறுப்பைச் சுற்றி வளையமாக ஒட்டிவிடுவது. காலையில் துளையிட்ட ஓரத்தில் அது அறுந்திருந்தால் விறைப்பு ஏற்பட்டது என்று கொள்வது! இன்று இதனினும் நுட்பமான கருவிகள் உண்டு.

சிகிச்சை

முதற் சிகிச்சை தமனிகளைப் பேணுவதே. 2004இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், பருமனான ஆடவர்கள் இரண்டாண்டுகள் உணவைக் கட்டுப்படுத்தி உடற்பயிற்சியும் செய்தனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மருந்தில்லாமலே இயல்பு நிலைக்குத் திரும்பினர்.

அடுத்தது மாத்திரை. நெஞ்சுவலிக்காக இங்கிலாந்தில் ஃபைசர் நிறுவன ஆய்வாளர்கள் உருவாக்கிய சில்டெனாஃபில், நெஞ்சுவலிக்குப் பெரிதாக உதவவில்லை. ஆனால் சோதனையில் கலந்துகொண்டவர்களிடம் எதிர்பாராத விளைவைக் காட்டியது! 1998 மார்ச்சில் அமெரிக்க அரசு வயாகரா என்ற பெயரில் இதற்கு ஒப்புதல் அளித்தது. நைட்ரிக் ஆக்சைடின் வேலையைத் தசைக்குள் தொடர்ந்து நடத்தும் பொருளை ஒரு நொதி சிதைக்கிறது. இம்மருந்து அந்நொதியைத் தடுக்கிறது. எனவே தமனிகள் கூடுதல் நேரம் விரிந்திருக்கின்றன. பாலுணர்வு இல்லாதவிடத்து இது விறைப்பை உண்டாக்காது.

மாத்திரை பயன்படாதபோது ஊசி மருந்து, காற்றழுத்தத்தைக் குறைத்துக் குருதியை உள்ளிழுக்கும் வெற்றிடக் குழாய், 1973 முதல் அறுவை மூலம் பொருத்தப்பட்டுவரும் நீர்மம் நிரப்பும் உருளை எனப் பல வழிகள் உள்ளன. இரத்தச் சோதனையில் ஹார்மோன் குறைவு உறுதியானவர்களுக்கே ஹார்மோன் சிகிச்சை.

ஓர் எச்சரிக்கை

நெஞ்சுவலிக்காக சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரைகளை உட்கொள்வோர் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. இரண்டும் தமனிகளை விரிப்பவை. ஒன்றுசேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இவ்விடத்தில் சிட்டுக்குருவி லேகியம் முதலானவற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாலுறவு ஆற்றலைப் பெருக்குவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டிலேயே இந்தியச் சட்டம் தடைசெய்துவிட்டது. விளம்பரங்கள் நின்றபாடில்லை. "மூலிகை" என்று விற்கப்படும் இத்தகைய மருந்துகள் சிலவற்றில் சில்டெனாஃபில் இரகசியமாகக் கலந்திருப்பது பல நாடுகளின் சோதனைகளில் வெளிப்பட்டுள்ளது. இதய நோயாளி ஒருவர் அதை அறியாமல் உட்கொண்டால் என்னவாகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இக்குறைபாடு உள்ளவர் செய்ய வேண்டியது எளிது. வழக்கமான மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்வதுடன் இதயத்தையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். மாணவ நண்பர்களே, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இதைப் பேச உங்களுக்குத் தயக்கமாக இருக்கலாம். பேச வேண்டாம். படித்து முடித்ததும் இவ்விதழை அவர்கள் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடுங்கள்.