முத்துப்பாரில் ஒட்டுண்ணி தேடியவர்கள்

ஒட்டுண்ணி என்றதும் நமக்கு ஒழிக்கத்தான் தோன்றும். 1902-இல் மன்னார் வளைகுடாவில் அதைச் செல்வம்போலத் தேடினார்கள். பத்தாண்டுக்கும் மேலாக முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) பொய்த்துக் கிடக்க, காரணம் கண்டுபிடிக்கச் சொல்லி இலங்கையின் ஆங்கிலேய அரசு லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை வரவழைத்தது. அவரோடு வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநரானவர்.

கடலடி முத்துப்பாரிலிருந்து வந்த சிப்பியைப் பிளந்து, சதையை மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைப்பார்கள். அவ்வளவுதான் அன்றைய கருவி. சதைக்குள் உருண்டை உருண்டையாக நாடாப்புழுவின் இளம்பருவங்கள் தெரிந்தன. இந்தப் புழுவைச் சுற்றித்தான் சிப்பி முத்தைப் பூசுகிறது என்றார்கள். சிப்பியைத் தின்னும் கிளாத்தி, அதைத் தின்னும் திருக்கை என்று புழுவின் பயணத்துக்கு ஒரு வழியும் வரைந்தார்கள். 1904-இல் விலங்கியலாளர் ஷிப்லியும் ஹார்னெலும் அதற்கு டெட்ராரிங்கஸ் யூனியோனிஃபேக்டர் என்று பெயரிட்டார்கள். சிப்பிக்குப் புழுவை ஏற்றினால் முத்து பெருகும் என்ற ஆசையும் பிறந்தது.

ஆசை பலிக்கவில்லை. 1912-இல் லிஸ்டர் ஜேம்சன் இந்தக் கொள்கையை ஆதாரத்தோடு மறுத்தார். அந்த உருண்டைப் புழுவும் டைலோசெபாலம் என்ற வேறு பேரினத்துக்குப் போய்விட்டது. ஹெர்ட்மன் குழுவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இளம்புழுவில் அடையாளம் சொல்லும் உறுப்புகள் முழுதாக வளர்ந்திருக்காது. உருவத்தை மட்டும் நம்பினால் யாருக்கும் சறுக்கும்.

உருவம் ஏமாற்றிய கதை அமெரிக்காவிலும் உண்டு. மெக்சிகோ வளைகுடாவில் ஆளி மடிந்தபோது, 1950-இல் மேக்கினும் தோழர்களும் ஓர் உயிரியைக் கண்டு, பூஞ்சை என்றே கருதிப் பெயரிட்டார்கள். 1952-இல் சாமி ரே எளிய வழி ஒன்று சொன்னார்: ஆளிச் சதையைத் தயோகிளைகோலேட் கரைசலில் ஒரு வாரம் இருட்டில் வைத்து, அயோடின் சொட்டு விட்டால் ஒட்டுண்ணி கருநீலமாகப் பளிச்சென்று தெரியும். அதன் உள்ளமைப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டிய பிறகு, 1978-இல் அது பூஞ்சையை விட்டு விலகி பெர்க்கின்சஸ் என்ற புதுப் பேரினமாயிற்று.

அந்தப் பேரினத்தின் இன்னொரு இனம் பெர்க்கின்சஸ் ஓல்செனி. ஆஸ்திரேலிய அபலோனி நத்தையில் 1981-இல் விவரிக்கப்பட்டது. நம் தென்கிழக்குக் கரையின் முத்துச்சிப்பியில், கடலில் தானாக வளர்ந்ததிலும் வளர்ப்புச் சிப்பியிலும், அது இருப்பதை 2010-இல் இந்திய விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். ரேயின் கரைசல் பேரினத்தைக் காட்டிக்கொடுக்கும். இனம் எது என்று சொல்லாது. அதற்கு டிஎன்ஏ-வைப் பிரித்தெடுத்து, பிசிஆரில் பெருக்கி, எழுத்துவரிசையைப் படித்து, உலகத் தரவுத்தளத்தில் ஒப்பிட வேண்டும்.

அப்படியானால் ஹெர்ட்மன் காலத்துச் சீவல் வேண்டாமா? வேண்டும். டிஎன்ஏ கிடைத்தாலே நோய் என்று சொல்லிவிட முடியாது. சிப்பி குடித்த நீரோடு குடலில் வந்துபோகிற உயிரியாகவும் இருக்கலாம். அது திசுவுக்குள் புகுந்து கேடு செய்கிறது என்று காட்ட இன்றும் சீவலும் சாயமும் நுண்ணோக்கியும்தான்.

புதிய கருவியால் பெயர்கள் பெருகும் என்று நினைப்போம், குறையவும் செய்கின்றன. போர்ச்சுக்கல் மட்டியில் 1989-இல் பெயர்பெற்ற பெர்க்கின்சஸ் அட்லான்டிகஸ், ஓல்செனியேதான் என்று மரபணு சொன்னது. 2002-இல் இரண்டும் ஒன்றாயின. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் ஒரே ஒட்டுண்ணி என்றால், சிப்பியை இடம் மாற்றும் மனிதர்கள் மீதும் சந்தேகம் விழுகிறது.

பெர்க்கின்சஸ் மனிதரைத் தாக்குவதில்லை; சிப்பி சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். வளர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும். இளஞ்சிப்பியை ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குக் கொண்டுபோகும் முன்பே சோதனைக்கு அனுப்புங்கள். கடலில் கலந்தபின் பெர்க்கின்சஸை ஒழிக்க மருந்தில்லை.