கரும்புச் சக்கைச் சாம்பல் கான்கிரீட்டுக்கு ஆகுமா?

கல்வராயன் மலையடிவாரத்துல, கச்சிராயபாளையத்துல கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கு. இப்படிப்பட்ட ஆலைகளின் கொதிகலனில் சக்கை எரிஞ்சு மிஞ்சும் சாம்பலில் சிலிக்கா அதிகம். சிமெண்ட் தண்ணியோடு சேரும்போது வெளிவரும் சுண்ணாம்புடன் அது வினைபுரிந்து பிணைக்கும் பசையாகும். ஆனா அள்ளி அப்படியே கலந்தா சரிவராது. அதில் கிடக்கும் எரியாத நார்க்கரி தண்ணியைக் குடிச்சிடும். 2015-இல் வெளியான சென்னை ஐஐடி ஆய்வில், 300 மைக்ரான் சல்லடையில் சலிச்சு, சிமெண்ட் அளவுக்கு நைசா அரைச்ச பிறகுதான் சாம்பல் தேறியது.

இந்த வினை மெதுவானது. அதனால 7 நாள்ல சோதனை க்யூபை உடைச்சுப் பார்த்துத் தீர்ப்பு சொல்லிடாதீங்க. 28, 56 நாள் வரை பாருங்க. அதுவரை ஈரம் காயக்கூடாது, கோடையில் இதுதான் சிரமம். வீட்டுக் கூரைக்கு இப்போதைக்கு நான் சொல்லமாட்டேன். நடைபாதைக் கல்லில் தொடங்கலாம்.