போர்வைக்குப் பூச்சூட்டும் பெண்கள்!

மானாம்பதிப் பக்கத்தில் பழைய நூல் சேலையை எறிய யாருக்கு மனம் வரும்? பிள்ளைக்குத் தூளி ஆகும். மடித்துத் தைத்தால் விரிப்பு ஆகும்.

அதே பழந்துணியில் கோலம் போடுவது போலப் போர்வை தைக்கிறார்கள், கர்நாடகத்தின் சித்திப் பெண்கள். சித்தி என்றால் சின்னம்மா அல்ல. ஓர் இனத்தின் பெயர்!

இவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்கர்கள். பலர் போர்ச்சுகீசியரால் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். தப்பி ஓடி, வட கன்னட மாவட்டக் காடுகளில் குடியேறினார்கள். 2003-ல்தான் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

அங்கே மழை பிடித்தால் மாதக் கணக்கில் கொட்டும். ஏழைக் குடும்பம், கம்பளி வாங்கப் பணம் ஏது?

கந்தல்தான் கம்பளி!

வேலை ஓய்ந்த நேரத்தில், ஊசியும் நூலுமாக உட்காருகிறார்கள். போர்வைக்குப் பெயர் 'கவந்தி'. அடியில் ஒரு பழைய சேலை. அதன்மேல் கணவனின் கிழிந்த சட்டை, மகளின் பாவாடை எல்லாம் துண்டு துண்டாக ஏறும். ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். முன்கூட்டி வரைந்த படம் கிடையாது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பது கண் பார்த்துச் சொல்வதுதான்.

நடு நிறைந்துவிட்டது. போர்வை முடிந்ததா?

இல்லை! நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளை வைத்துத் தைக்க வேண்டும். அதற்குப் 'பூ' என்றே பெயர். பூ இல்லாத போர்வை அம்மணமாம்! குளிருக்கு அது உதவாது. ஆனாலும் வைத்தே ஆக வேண்டும்.

கிறிஸ்தவப் பெண்கள் சிலுவையும், முஸ்லிம் பெண்கள் பிறையும் சேர்ப்பது உண்டு. கைக்குழந்தைக்குத் தைக்கும் சின்னக் கவந்தியில் துண்டுகள் இன்னும் பொடி, நிறமும் அதிகம். அதற்கும் மூலையில் பூ உண்டு.