கணுக்காலில் மின்துடிப்பு, சிறுநீர்ப்பைக்கு வைத்தியம்

உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒரு பட்டை, சற்று மேலே இன்னொன்று. பொத்தானை அழுத்தினால் மெல்லிய மின்துடிப்பு. அரைமணி நேரம் பிள்ளை கார்ட்டூன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். மூட்டுவலிக்கு பிசியோதெரபியில் வைக்கிறார்களே, அந்த டென்ஸ் கருவிதான். ஸ்பைனா பைஃபிடாவுடன் பிறந்த குழந்தைகளின் சிறுநீர்ப் பிரச்சினைக்கும் இதை வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறார்கள்.

காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன சம்பந்தம்? கணுக்கால் வழியாகப் போகும் டிபியல் நரம்பின் வேர்களில் சில, சிறுநீர்ப்பை நரம்புகள் கிளம்பும் அதே தண்டுவட அடிப்பகுதியிலிருந்து வருகின்றன. கீழே தட்டினால் மேலே கேட்கும் என்பதுதான் கணக்கு. சிலருக்குப் பட்டையை நேராக இடுப்பின் பின்புறத்திலேயே ஒட்டுவார்கள்.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. கரு உண்டான முதல் நான்கு வாரங்களுக்குள் மூடவேண்டிய நரம்புக்குழாய் சரியாக மூடாததால் வரும் குறைதான் ஸ்பைனா பைஃபிடா. செய்தி போகும் பாதையே பழுது. நரம்புக் கோளாறு இல்லாமல் அடிக்கடி சிறுநீர் கசியும் குழந்தைகளிடம் இந்த முறை ஓரளவு நன்றாக வேலை செய்கிறது. ஸ்பைனா பைஃபிடாவில் இதுவரை நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். சிலருக்குக் கசிவு குறைந்தது, சிலருக்குப் பெரிய மாற்றமில்லை. எந்த நரம்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம்.

ஆகவே இது துணை வைத்தியம். 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லேப்பிடஸ் முன்வைத்த, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் போட்டுச் சிறுநீரை வெளியேற்றும் முறைதான் இன்றும் இந்தக் குழந்தைகளின் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவருகிறது. கருவி வந்துவிட்டது என்று அதை விட்டுவிடக் கூடாது.

வீட்டில் கவனிக்கவேண்டியது தோலை. 'சுருசுருவென்று தெரியும்வரை கூட்டுங்கள்' என்ற வழக்கமான அறிவுரை, கால் மரத்த பிள்ளையிடம் செல்லாது. சுடுவதுகூட அதற்குத் தெரியாது. அளவை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ குறித்துத் தரவேண்டும்; பட்டையை எடுத்ததும் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இந்தக் குழந்தைகளில் பலருக்கு லேட்டக்ஸ் ஒவ்வாமை உண்டு, பட்டை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். தலையில் நீர் வடியப் பொருத்திய ஷன்ட் குழாய் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

துணி நனைவது நின்றதை மட்டும் வைத்துத் தேறிவிட்டதாக நினைப்பது ஆபத்து. சிறுநீர் வெளியேறாமல் உள்ளே தேங்கினாலும் துணி காய்ந்துதான் இருக்கும். அழுத்தம் ஏறி, சிறுநீரகத்தைப் பின்பக்கமாகத் தாக்கும். அதை ஸ்கேனும், சிறுநீர்ப்பை அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனையும்தான் காட்டிக்கொடுக்கும்.