வெளிநாட்டுப் பள்ளிச் சுற்றுலா: முதல் மூன்று நாட்கள்



"ஸ்கூல்ல இருந்து பிள்ளைகளை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போறாங்களாம், அனுப்பலாமா?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள. பையன் என்றால் அரை மனதோடு சரி என்கிறார்கள். பொம்பளப் பிள்ளை என்றால் "வேணாம்" என்று அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அங்கே என்ன நடக்கும் என்று தெரியாததால் வரும் பயம் இது. ஆகவே, போன முதல் சில நாட்களில் என்ன நடக்கும், அதற்குப் பிள்ளையை லயத்திலேயே எப்படித் தயார்படுத்தலாம் என்று இங்கே விளக்குகிறோம்.

இது பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய காரியம் இல்லை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு, போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு அழைத்துப் போனது. அங்கே ஷார்ஜா புத்தகக் கண்காட்சியைப் பார்த்தார்கள். அவர்களில் பலருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். நம் பிள்ளைகளாலும் முடியும்.

முதலில் தாள்கள்

நம்ம பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மில் பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். நாடு இல்லாதவருக்குப் பாஸ்போட் ஏது? மிச்சமிருந்தவர்களுக்கும் வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான். ஆகவே பிள்ளையின் கையில் உள்ள கடவுச்சீட்டைச் சாதாரணமாக நினைக்காதீங்க.

கடவுச்சீட்டுக்கு அடிப்படை பிறப்பத்தாட்சிப் பத்திரம். நம் தோட்டங்களில் தடங்கல் வருவதும் இதில்தான். பத்திரத்தில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் வேறு பெயர், அப்பாவின் அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. திருத்துவதற்குப் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். இதற்கு நாளாகும். சுற்றுலாக் கடிதம் வந்த பிறகு ஓடாதீங்க. இன்றைக்கே பத்திரத்தை எடுத்துப் பாருங்க.

பிள்ளை சிறுவயது என்றால் தாய் தகப்பனின் சம்மதமும் வேண்டும். விண்ணப்பத்தை அதிபரிடம் விசாரித்து நீங்களே கொடுங்க. தரகர் கையில் பிள்ளையின் பாஸ்போட்டை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். சுற்றுலா என்று யார் வந்து சொன்னாலும், அது உண்மையா என்று அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க.

முதல் நாள்

கட்டுநாயக்க விமான நிலையத்துக்குச் சில மணி நேரம் முந்தியே போக வேண்டும். பெரிய பையை நிறுத்து வாங்கிக்கொண்டு, இருக்கை இலக்கம் உள்ள சீட்டைக் கொடுப்பார்கள். பிறகு குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டைப் பார்ப்பார். கைப்பையை இயந்திரத்தில் விட்டுச் சோதிப்பார்கள். அதிகாரி கேட்பதற்கு உள்ளதை அப்படியே சொன்னால் போதும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்க.

கைப்பையில் கத்தி, கத்தரிக்கோல், எண்ணெய்ப் போத்தல் வேண்டாம். ஆனால் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பையில் போடக்கூடாது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு. நாம் கறிக்குப் போடும் கசகசா ஐக்கிய அரபு இராச்சியத்தில் தடை செய்யப்பட்ட பொருள். மருந்து கொண்டுபோனால் டாக்டர் எழுதிய துண்டும் கூடவே இருக்கட்டும்.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். டொபி சப்பினால், எச்சில் விழுங்கினால் சரியாகும்.

போய்ச் சேர்ந்ததும் தங்கும் இடத்தின் பெயர், டீச்சரின் இலக்கம் இரண்டையும் ஒரு அட்டையில் எழுதிப் பிள்ளை பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மாத்தளை முத்துமாரியம்மன் தேர்க் கூட்டத்தில் கை விட்டுப் போனால் பிள்ளைக்கு என்ன சொல்லியிருக்கிறோம்? நின்ற இடத்திலேயே நில் என்றுதானே? அங்கேயும் அதேதான்.

இரண்டாம், மூன்றாம் நாள்

வீட்டு ஞாபகம் வருவது இந்த நாட்களில்தான். பகலில் சுற்றித் திரியும் பிள்ளை ராத்திரி படுக்கப் போகும்போது அழும். இது நோயுமில்லை, கோழைத்தனமுமில்லை. அநேகமாக இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். நீங்கள் அடிக்கடி போன் எடுத்து அழுதால் அதுவும் கூட அழும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, பேசிவைத்த நேரத்தில் பேசுங்க. நேர வித்தியாசத்தையும் பாருங்க. துபாயில் இரவு 8 மணி என்றால் நமக்கு 9.30. சிங்கப்பூரில் இரவு 10 மணி என்றால் நமக்கு 7.30.

சாப்பாடு மாறுவதால் வயிறு கோளாறு செய்யலாம். நல்ல தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்க. பிரயாணத்தில் பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நாள் முந்தலாம், பிந்தலாம். தேவையானதைப் பையில் வைத்து, தயங்காமல் டீச்சரம்மாவிடம் சொல்லப் பழக்குங்க.

கேட்க வேண்டிய கேள்விகள்

பெரிய ஏற்பாட்டிலும் பிழை வரலாம். 2023 ஆகஸ்ட் 1ஆம் திகதி தென் கொரியாவில் உலக சாரணர் ஜம்போரி தொடங்கியது. 40,000க்கு மேற்பட்டோர் கூடினார்கள். முதல் நாட்களிலேயே கடும் வெயிலில் நூற்றுக்கணக்கானோர் சுகவீனமுற்றார்கள். பிரித்தானிய, அமெரிக்கத் தலைவர்கள் தங்கள் பிள்ளைகளை முகாமிலிருந்து வெளியேற்றினார்கள். புயல் வரவிருந்ததால் 8ஆம் திகதி எஞ்சியவர்களையும் வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். பொறுப்பாளர்கள் நேரத்துக்கு முடிவெடுத்ததுதான் இதில் நாம் பார்க்க வேண்டியது. ஆகவே அனுப்பும் முன் பாடசாலையில் இவற்றைக் கேளுங்க:

1. எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர்? பெண் பிள்ளைகளோடு பெண் ஆசிரியர் தங்குவாரா?
2. பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் எந்த ஆஸ்பத்திரி? காப்புறுதி உண்டா?
3. திடீரென்று திரும்ப வேண்டி வந்தால் யார் முடிவெடுப்பார்? எங்களுக்கு யார் அறிவிப்பார்?
4. மொத்தச் செலவு எவ்வளவு? எழுத்தில் தருவீர்களா?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பெற்றோரின் உரிமை. நல்ல பதில் வந்தால் அனுப்புங்க. பதில் சரியில்லை என்றால் நிறுத்துங்க. பொம்பளப் பிள்ளை என்பதற்காக மட்டும் நிறுத்தாதீங்க. கடன் வாங்கி அனுப்பவும் வேண்டாம்.

சுற்றுலா வாய்ப்பு எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எல்லாவற்றுக்கும் தேவை. இந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைத் திறந்து பாருங்க. எழுத்துப் பிழை இருந்தால் நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வாங்க. திருத்துவதற்கு வழி செய்வோம்.