தாயத்துக்கு முதலாளி யார்?

தாயம் ஆடியிருக்கிறீர்களா?

ஆழ்வார்பேட்டையில் ஒரு ஃபிளாட். வெளியே மழை, வீட்டில் கரன்ட் இல்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். பாட்டி சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு, தாயக்கட்டையை எடுத்து வந்தால் போதும். ஆட்டம் ரெடி! காய்க்குப் புளியங்கொட்டையும் உடைந்த வளையல் துண்டும் இருக்கவே இருக்கின்றன.

'எதிராளி காயை ஒரு முறையாவது வெட்டினால்தான் பழம் எடுக்கலாம்' என்பார்கள் சில வீடுகளில். சில வீடுகளில் அந்த விதியே கிடையாது. விதியை மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஏனென்றால், தாயத்துக்கு முதலாளியே இல்லை!

முதலாளி உள்ள விளையாட்டுகளும் உண்டு. எழுத்துகளை அடுக்கி ஆங்கில வார்த்தை அமைக்கும் 'ஸ்கிராபிள்' தெரியும்தானே? அமெரிக்காவிலும் கனடாவிலும் அது 'ஹாஸ்ப்ரோ' கம்பெனிக்குச் சொந்தம். மற்ற நாடுகளில் 'மேட்டல்' கம்பெனிக்குச் சொந்தம்.

கொல்கத்தாவைச் சேர்ந்த சகோதரர்கள் ரஜத், ஜெயந்த் அகர்வாலா. இவர்கள் 'ஸ்கிராபுலஸ்' என்ற பெயரில், அதே மாதிரி விளையாட்டை இன்டர்நெட்டில் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் ஆடினார்கள். 2008-ல் இரண்டு கம்பெனிகளுமே வழக்குப் போட்டன. 'அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது' என்றது டில்லி உயர் நீதிமன்றம். ஆனால், கட்டத்துக்கும் விதிக்கும் பதிப்புரிமை கேட்டதை ஏற்கவில்லை. ஆட்டம் 'லெக்சுலஸ்' என்ற வேறு பெயரில் தொடர்ந்தது.

ஹாஸ்ப்ரோவிடம் இருக்கும் இன்னொரு விளையாட்டு, 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974-ல் வெளியிட்டது. இதில் ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக் கொள்வார்கள். 'குகைக்குள் போகிறேன்', 'பூதத்தோடு சண்டை போடுகிறேன்' என்று சொல்லிச் சொல்லியே ஆட வேண்டும். ஜெயிப்பீர்களா என்பதை 20 முகம் கொண்ட பகடை சொல்லும்!

இதை வெளியிட்ட கம்பெனி கடனில் தத்தளித்தபோது, 1997-ல் 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' அதை வாங்கிக் காப்பாற்றியது. 1999-ல் அந்தக் கம்பெனியையே ஹாஸ்ப்ரோ வாங்கியது. பெரிய கம்பெனி வந்தால் கெடுதல்தான் என்று சொல்லிவிட முடியாது, பார்த்தீர்களா?

2000-ல் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 'எங்கள் அடிப்படை விதிகளை வைத்து யார் வேண்டுமானாலும் புதுக் கதைகள் எழுதி விற்கலாம்' என்று விசார்ட்ஸ் அனுமதி கொடுத்தது. அதை நம்பிப் பல சின்னப் பதிப்பகங்கள் பிழைத்தன.

2023 ஜனவரியில், அந்த அனுமதியை மாற்றும் திட்டம் வெளியே கசிந்தது. ஆண்டுக்கு ஏழரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் கம்பெனிக்குப் பங்கு தர வேண்டும். 30 நாள் முன்னால் சொல்லிவிட்டு, கம்பெனி ஒப்பந்தத்தை மறுபடி மாற்றலாம். இருபது வருட உழைப்பு என்னாவது என்று எழுத்தாளர்கள் பதறினார்கள்.

ஆட்டக்காரர்கள் சும்மா இருந்தார்களா? பல்லாயிரம் பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனி இணையதளத்துக்குக் கட்டி வந்த சந்தாவைப் பலர் நிறுத்தினார்கள். ஜனவரி 27-ல் கம்பெனி பின்வாங்கியது. சுமார் 400 பக்க அடிப்படை விதிகளை, திரும்பப் பெற முடியாதபடி எல்லோருக்கும் பொதுவாக்கியது. விளையாட்டின் பெயர் இன்றும் கம்பெனியுடையதுதான்.

அதை எழுதி வைக்க 400 பக்கம் வேண்டியிருந்தது. நம் வீட்டுத் தாய விதிகளுக்கு ஒரு பக்கம் போதும். ஆனால், அவை பெரும்பாலும் பாட்டியின் ஞாபகத்தில்தான் இருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டு, உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள், குட்டீஸ். அப்புறம் பக்கத்து ஃபிளாட் நண்பர்களையும் ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள்!